கேளுங்க சொல்றேன்: இந்த வாரம் முழுக்க ‘ரன்’ தான்

போன மாசம் ஒரு வாசகர் ‘ரன்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தைக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்னு கேட்டிருந்தார், அதுக்கு இடம் பத்தல அடுத்த இதழ்ல சொல்றேன்னு ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், அதே வார்த்தைய வச்சு ஆளாளுக்கு கேள்வி அனுப்பி இன்பாக்ஸ நிரப்பிட்டாங்க. சரி, சினிமா அரசியல் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு, இந்த தடவை இது மட்டும்.

சார், ‘ரன்’னா ஓடுறதுன்னு ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சதோட சரி. இப்போ காம்படிட்டிவ் எக்ஸாமுக்கு படிக்கலாம்னு டிக்‌ஷனரிய தொறந்தா அது பாட்டுக்கு பக்கம் பக்கமா போகுது. எப்படி சார் மனப்பாடம் பண்றது?
(ஈரோட்டுல இருந்து ஒரு மாணவர்)

மனப்பாடம் பண்ணாதீங்க தம்பி, நடக்காது. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்காரங்க 2011 வாக்குல அந்த வார்த்தைய புதுசா எழுதி முடிச்சப்போ வினைச்சொல்லா வர்ற ‘ரன்’னுக்கு மட்டும் 645 அர்த்தம்னு கணக்கு வந்துச்சு. பீட்டர் கில்லிவர்னு அங்க ஒரு ஆசிரியர், இந்த ஒரு வார்த்தைக்காக மட்டும் ஒம்பது மாசம் உக்காந்திருக்கார். அதுக்கு முன்னாடியெல்லாம் ‘செட்’ங்கிற வார்த்தை தான் ராஜா, 1989-ல 20 வால்யூமா வந்த ரெண்டாவது பதிப்புல அதுக்கு 430 அர்த்தம். அப்புறம் எப்படி ‘ரன்’ முந்துச்சுன்னா, மெஷின் தான் காரணம்னு சொல்றாங்க, எனக்கும் அது சரின்னு தான் படுது. மில்லு வந்துச்சு, ரயில் வந்துச்சு, மோட்டார், கரண்டு, கடைசில கம்ப்யூட்டர், எது வந்தாலும் அது ‘ரன்’ ஆச்சு, ‘செட்’டுக்கு அந்த யோகம் இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 645-ம் தனித்தனி இல்ல, பெரும்பாலும் மூணு ஊத்துல இருந்து வர்றது தான். ஒண்ணு காலால ஓடுறது. ரெண்டாவது தண்ணி மாதிரி ஓடுறது, இது ஏதோ பின்னாடி கவித்துவமா சேத்துக்கிட்டதுன்னு நினைக்காதீங்க, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பழைய இங்கிலீஷ்லயே இந்த வார்த்தை ஆத்துக்கும் ரத்தத்துக்கும் இருந்திருக்கு. பால்ல போட்டு சீஸ் உறைய வைக்கிற ‘ரென்னெட்’ இருக்கு பாருங்க, அதுவும் இதே வேர் தான், பால் ஓடி ஒண்ணா சேருதுங்கிற கணக்குல. மூணாவது ஒண்ண இயக்கிக்கிட்டே இருக்கிறது, மெஷின், கடை, கவர்மென்ட், கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் இதுல. யார் ஓடுறா, எது ஓடுது, பக்கத்துல என்ன சின்ன வார்த்தை ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாத்தா பாதி அர்த்தம் தானா விழுந்துடும். பாஸ்போர்ட் ‘ரன் அவுட்’ ஆச்சுன்னா காலாவதி, வீட்டுல சக்கரை ‘ரன் அவுட்’னா தீந்துபோச்சு, கோலி ‘ரன் அவுட்’னா வீட்டுல டிவிக்கு ஆபத்து.

இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல, ஏன்னா நீங்க ஏற்கெனவே இதே வேலைய தமிழ்ல பண்ணிட்டு தான் இருக்கீங்க. ஆறு ஓடுது, மிக்ஸி ஓடுது, ஆட்டோ மீட்டர் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, வருஷம் ஓடுது, மனசுல ஏதோ ஓடுது, பக்கத்து வீட்டு பொண்ணு யாரோடயோ ஓடிப்போச்சு, ஏதோ பொழப்பு ஓடுது. ரத்த ஓட்டம், மின்னோட்டம், தேரோட்டம், புது ரயில் பொட்டிய விட்டு பாக்குற வெள்ளோட்டம், இதுல எத உக்காந்து மனப்பாடம் பண்ணீங்க? கண்ணோட்டத்த எடுத்துக்கோங்க, திருக்குறள்ல 58-வது அதிகாரம் அது, அங்க அதுக்கு இரக்கம், தாட்சண்யம்னு அர்த்தம், இன்னைக்கு பேப்பர்ல ‘அவர் கண்ணோட்டத்தில்’னு எழுதினா வெறும் பார்வை, அபிப்பிராயம். வார்த்தை தான் அதே, அது எங்கயோ போயிருச்சு.

அதுக்காக அவங்க ‘ரன்’னுன்னு சொல்ற எடத்துல எல்லாம் கண்ண மூடிட்டு ‘ஓடு’ன்னு போட்டுடாதீங்க, அங்க தான் மாட்டுவீங்க. மூக்கு நமக்கு ஓடாது, ஒழுகும். துவைச்சா சாயம் ஓடாது, போகும். ஜுரம் ஓடாது, அடிக்கும். கம்பெனி, ஸ்கூல், மெஸ்ஸு இதெல்லாம் அவங்க ஓட்டுறாங்க, நம்ம நடத்துறோம்.

நீங்க பதில் சொல்வீங்கன்னு நம்பி கேக்குறேன். ‘ஐ ரன் எ ஷாப்’னா கெத்தா இருக்கு, அதையே தமிழ்ல ‘கடைய ஓட்டிட்டிருக்கேன்’னு சொன்னா மட்டும் ஏன் கேக்குறவங்க ‘அச்சச்சோ’ன்னு பாக்குறாங்க?
(பொள்ளாச்சில மளிகைக்கடை வச்சிருக்கிற வாசகி)

அருமையான கேள்விம்மா, மேல தம்பிக்கு கடைசில சொன்னதோட தொடர்ச்சி தான் இது. ‘கடை நடத்துறேன்’னா நீங்க முதலாளி, கல்லால உக்காந்திருக்கீங்க, கணக்கு வழக்கெல்லாம் கையில இருக்கு. ‘கடைய ஓட்டுறேன்’னா வர்றதும் போறதும் சரியா இருக்கு, ஏதோ நாள தள்ளுறேன்னு அர்த்தம். குடும்பம் நடத்துறதுக்கும் குடும்பத்த ஓட்டுறதுக்கும் இதே வித்தியாசம் தான். காலால பாத்தா ஓடுறது வேகம், நடக்கிறது மெதுவு, ஆனா தொழில்னு வந்துட்டா நடக்கிறவனுக்கு தான் மரியாதை, ஓட்டுறவன் பாவம்னு நம்மாளுங்க வச்சிருக்காங்க. இங்கிலீஷ்ல அந்த பிரிவு இல்ல, டீக்கடையும் ‘ரன்’ தான், டாட்டா குழுமமும் ‘ரன்’ தான். அதனால இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து கேட்டா ‘ஓட்டிட்டிருக்கேன்’னு சொல்லுங்க, சம்பந்தி வீட்டுல கேட்டா ‘நடத்துறேன்’னு சொல்லுங்க.

சிக்ஸ் அடிச்சா ரெண்டு பேட்ஸ்மேனும் நின்ன எடத்துலயே நிக்கிறாங்க, கிளவ்ஸ முட்டிக்கிறாங்க, ஒருத்தரும் ஓடல. அப்புறம் எதுக்கு அங்கிள் அது ஆறு ‘ரன்’?
(மதுரை, எட்டாங்கிளாஸ்)

ஏன்னா ஆரம்பத்துல எல்லாத்தையும் ஓடித்தான் எடுக்கணும் கண்ணு. மைதானத்துக்கு கோடே கிடையாது, பந்து எவ்வளவு தூரம் போனாலும் எவனாவது தேடி எடுத்து எறியற வரைக்கும் இவங்க ஓடிட்டே இருக்கலாம். ஸ்கோர் போர்டும் கிடையாது, ஒரு குச்சில கத்தியால வெட்டு போட்டு எண்ணுவாங்க, அதனால பழைய காலத்துல ரன்னுக்கு ‘நாட்ச்’னே பேரு, வெட்டுன்னு அர்த்தம். கூட்டம் சேர சேர, வேடிக்கை பாக்கிறவன் காலுக்குள்ள போய் பந்த தேட முடியாம போச்சு, அதுக்கப்புறம் தான் இந்த பவுண்டரி ஏற்பாடெல்லாம் 19-ம் நூற்றாண்டுல வந்து நெலச்சது. எல்லைய தாண்டிட்டா ஓடின மாதிரி வச்சுக்குவோம்னு ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். இன்னொண்ணு கேளு, 1910-க்கு முன்னாடி டெஸ்ட்ல ஆறு வேணும்னா பந்து கோட்ட தாண்டினா பத்தாது, மைதானத்த விட்டே வெளிய போகணும்! இன்னைக்கு டி20-ல எழுபது மீட்டர்ல விழற பந்துக்கெல்லாம் பாட்டு போடறத பாத்தா அந்த காலத்து ஆளுங்க என்ன சொல்லுவாங்களோ.

கால்ல அடிபட்டவனுக்காக வேற ஒருத்தன் வந்து ஓடுவானே ‘ரன்னர்’, அத ஐசிசி 2011 அக்டோபரோட சர்வதேச ஆட்டத்துல நிறுத்திட்டாங்க. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம், மூணு பேர் ஓடி யார் அவுட்டுன்னே தெரியாம அம்பயர் முழிக்கிற சுகம் போச்சு. உங்க தெரு கிரிக்கெட்டுல தாராளமா வச்சுக்கலாம்.

கேட்டதோட இதையும் வச்சுக்கோ. ரெண்டாவது பரிசு வாங்கினா ‘ரன்னர் அப்’ங்கிறோம்ல, அது வேட்டை நாய் பந்தயத்துல இருந்து வந்தது. ஒவ்வொரு சுத்தா ஜெயிச்சு ஜெயிச்சு கடைசி சுத்து வரைக்கும் ஓடி வந்து அதுல மட்டும் தோத்த நாய்க்கு அந்த பேரு. உங்க ஸ்கூல்ல மேடை ஏறி கப்பு வாங்கறவங்க கிட்ட இத சொல்லாத.

என் மேனேஜர் மெயில்ல ‘ப்ளீஸ் ரன் திஸ் பை த க்ளையன்ட்’னு அனுப்பினார். நான் அந்த ஸ்கிரிப்ட க்ளையன்ட் சர்வர்ல ரன் பண்ணிட்டு டன்னுன்னு ரிப்ளை போட்டேன். அதுக்கப்புறம் நடந்தத கேக்காதீங்க. தப்பு யார் மேல?
(சோழிங்கநல்லூர்ல இருந்து ஒரு ஐடி வாசகி)

நடந்தத நான் கேக்கவே இல்ல, எனக்கே கை நடுங்குது. ‘ரன் இட் பை’ன்னா ஒரு வார்த்தை காதுல போட்டு வைங்க, அவங்களுக்கு ஓகேவான்னு கேட்டுக்கோங்கன்னு அர்த்தம். ஸ்கிரிப்ட்டுன்னு ஒண்ணு கையில இருக்கிறப்போ அதுக்கு ‘ரன்’னுன்னு எழுதினா யாரும் ரன் தான் பண்ணுவாங்க, அதனால நான் உங்க பக்கம்.

ஆபீஸ் இங்கிலீஷ்ல இது மாதிரி குட்டி குட்டியா நிறைய கண்ணிவெடி இருக்கு. ‘ரன் த்ரூ’ன்னா மேலோட்டமா ஒரு தடவை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துடலாம், ‘ரன் வித் இட்’னா சரி நீயே எடுத்து செய் (பின்னாடி சொதப்பினா உன் தலை), ‘மீட்டிங் ரன்னிங் ஓவர்’னா நேரம் தாண்டி போகுது, யாரையும் ஏத்திட்டு போகல. ‘ட்ரை ரன்’னா நெசமா எதையும் மாத்தாம செஞ்சு பாக்கிறது, நீங்க அன்னைக்கு அத பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பீங்க. கம்ப்யூட்டருக்கு இந்த ‘ரன்’ எப்படி ஒட்டுச்சுன்னா, ஓட்டை போட்ட அட்டைய கட்டு கட்டா ஆபரேட்டர் கிட்ட குடுத்துட்டு காத்திருந்த காலத்துல மெஷின் அந்த கட்ட ஒரு தடவை முழுசா ஓட்டி முடிக்கிறது ஒரு ‘ரன்’, மில்லுல ஒரு ஓட்டம்னு சொல்ற மாதிரி தான். தமிழ்ல நம்ம ‘இயக்கு’ன்னு ஒண்ணு வச்சிருக்கோம், பாடப்புத்தகத்துல அழகா இருக்கு, ஆபீஸ்ல யாராவது ‘அந்த ஸ்கிரிப்ட கொஞ்சம் இயக்குங்க’ன்னு சொல்லி நான் கேட்டதில்ல. எல்லாரும் ‘ரன் பண்ணு’, ‘ரன் ஆகுது’, ‘ரன் ஆகி முடிஞ்சிருச்சா’ தான்.

நான் ரிட்டயர்டு டீச்சர். நியூஸ்ல ‘பேங்க் ரன்’னுங்கிறாங்க. பேங்க் எங்க ஓடுது? என் டெபாசிட்டு இருக்குமா?
(திருச்சி)

பேங்க் ஓடலம்மா, ஜனங்க ஓடறாங்க, பேங்க பாத்து. நம்ம போடற பணத்த பேங்க் பொட்டிக்குள்ள பூட்டி வைக்கிறதில்ல, கொஞ்சம் கையிருப்பு வச்சிட்டு மிச்சத்த கடனா குடுத்துடும், பாண்டுல போட்டுடும். எல்லாரும் ஒரே நாள்ல வந்து என் பணத்த குடுன்னு நின்னா நல்லா இருக்கிற பேங்க்கும் தள்ளாடும். வதந்தி நெசமோ பொய்யோ, ஓட ஆரம்பிச்சிட்டா நெசமாவே ஆயிடும், அதான் இதுல கொடுமை. 2007 செப்டம்பர்ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் பேங்க் வாசல்ல வயசானவங்க எல்லாம் வரிசைல நின்ன படம் அப்போ உலகம் பூரா சுத்துச்சு. 2023 மார்ச்சுல அமெரிக்காவுல சிலிகான் வேலி பேங்க் விழுந்தப்போ வரிசையே தேவைப்படல, போன்லயே ஒரே நாள்ல 4,200 கோடி டாலர் எடுக்கப் பாத்தாங்க, மறுநாள் பேங்க மூடியாச்சு. ஒருத்தரும் செருப்பு கூட போடல, அதுக்கும் பேரு ‘ரன்’னு தான்.

நம்ம பக்கத்துல 1960-ல கேரளாவுல பாலை சென்ட்ரல் பேங்க் விழுந்துச்சு, அந்த அடியில தான் டெபாசிட் இன்சூரன்ஸே வந்தது. 1962-ல ஆரம்பிச்சப்போ ஒருத்தருக்கு 1,500 ரூபா வரைக்கும் தான் காப்பு. இப்போ 2020 பிப்ரவரில இருந்து ஒரு பேங்க்ல ஒருத்தர் பேருல 5 லட்சம் வரைக்கும், அசலும் வட்டியும் சேத்து. அதே பேங்க்ல வேற வேற கிளைல பிரிச்சு போட்டாலும் மொத்தமா ஒண்ணா தான் கணக்கு எடுப்பாங்க, அத மட்டும் பாத்துக்கோங்க.

அமெரிக்காவுல எலக்‌ஷன்னா ‘ரன்’ பண்றாங்க, இங்கிலாந்துல ‘ஸ்டாண்ட்’ பண்றாங்களாமே?
(நாகர்கோவில்)

ஆமா, நம்மளும் நிக்கிறோம். அங்க ஓடிட்டு ஜெயிக்கிறாங்க, இங்க நின்னுட்டு ஜெயிக்கிறாங்க. ஜெயிச்சப்புறம் உக்காந்துடறது மட்டும் எல்லா ஊர்லயும் ஒண்ணு தான்.

புது வீட்டுக்கு டைல்ஸ் போடறவர் தரைக்கு சதுர அடிங்கிறார், ஸ்கர்ட்டிங்குக்கு மட்டும் ‘ரன்னிங் அடி’ கணக்குங்கிறார். ஏமாத்துறாரா?
(சேலம்)

ஏமாத்தலங்க, அது கட்டுமான வேலைல எல்லா எடத்துலயும் இருக்கிற கணக்கு. ‘ரன்னிங் அடி’ன்னா நீளம் மட்டும் தான், அகலம் கணக்குல வராது. சுவரோட அடில ஒட்டுற ஸ்கர்ட்டிங், கிரானைட் ஓரத்துக்கு பாலிஷ் போடறது, பால்கனி கைப்பிடி, சீலிங் ஓரத்து டிசைன் இதெல்லாம் இப்படித்தான் பேசுவாங்க. பில்லுல மூணெழுத்தா ‘ஆர்.எஃப்.டி’ன்னு இருக்கும்.

ஆனா ரேட்ட ஒப்பிட்டு பாக்கிறப்போ கவனமா இருக்கணும். உதாரணத்துக்கு ஒரு ரூம் 10-க்கு 12, தரை 120 சதுர அடி. நாலு பக்கமும் சுத்தி 44 அடி, கதவுக்கு 3 அடி விட்டா ஸ்கர்ட்டிங் 41 ரன்னிங் அடி. ரன்னிங் அடிக்கு 60 ரூபான்னு சொன்னா 2,460 ரூபா. கேக்க கம்மியா தான் இருக்கு, ஆனா ஸ்கர்ட்டிங் உயரம் 4 இன்ச்சு தானே, அதாவது அடில மூணுல ஒரு பங்கு, சதுர அடியா மாத்தினா 180 ரூபா வருது. வெட்டுற கூலி, ஓரம் தேய்க்கிற கூலி எல்லாம் அதுல இருக்கு, அதனால தரைய விட கூட இருக்கிறது நியாயம் தான், ஆனா பேரம் பேசறதுக்கு முன்னாடி அந்த 180 உங்க மண்டைல இருக்கட்டும். பழைய வண்டி விளம்பரத்துல வர்ற ‘ரன்னிங் கண்டிஷன்’ வேற கதை, அதுல ‘ரன்னிங்’னு மட்டும் போட்டு ‘நல்ல’ன்னு போடலேன்னா மெக்கானிக்க கூட்டிட்டு போங்க.

ஸ்டேஷன் பக்கத்துல ‘ரன்னிங் ரூம்’னு ஒரு கட்டடம். உள்ள எட்டி பாத்தா எல்லாரும் தூங்குறாங்க. என்ன கணக்கு சார் இது?
(ஜோலார்பேட்டை)

ரயில்வேல வண்டியோட போற ஆளுங்கள ‘ரன்னிங் ஸ்டாஃப்’னு சொல்லுவாங்க, லோகோ பைலட்டு, அசிஸ்டன்ட்டு, கார்டு (2022-ல இருந்து அவருக்கு ‘ட்ரெயின் மேனேஜர்’னு பேர மாத்திட்டாங்க). வெளியூர்ல டூட்டி முடிச்சு எறங்கினா அடுத்த வண்டி வரைக்கும் அவங்க சாப்பிட்டு தூங்குற எடம் தான் ரன்னிங் ரூம். உள்ள சத்தம் போட்டீங்கன்னா திட்டு விழும், ராத்திரி முழுக்க சிக்னல பாத்துட்டு வந்து படுத்திருப்பாங்க, எட்டி பாக்காதீங்க.

இங்கிலீஷ்காரன் ஏன் ‘ரன் அமோக்’னு, ‘ரன் த காண்ட்லெட்’னு புரியாத வார்த்தையோட எல்லாம் ஓடுறான்?
(புதுச்சேரி)

ரெண்டுமே கடன் வாங்கினது. ‘அமோக்’ மலாய் மொழில இருந்து வந்தது, வெறி புடிச்சு கண்ணு மண்ணு தெரியாம எதிர்ல வர்றவங்களையெல்லாம் தாக்கிட்டு ஓடுறது. இப்போ கல்யாண வீட்டுல குழந்தைங்க அட்டகாசம் பண்ணினா கூட அதே வார்த்தைய போட்டுடறாங்க. ரெண்டாவது இன்னும் வேடிக்கை. ‘காண்ட்லெட்’னா இரும்பு கையுறை, ஆனா இதுல கையுறைக்கு வேலையே இல்ல. ஸ்வீடன்ல பட்டாளத்துல தப்பு பண்ணினவனுக்கு ஒரு தண்டனை, ரெண்டு வரிசையா சிப்பாய்ங்க கம்போட நிப்பாங்க, நடுவுல அவன் போகணும், ரெண்டு பக்கமும் விளாசுவாங்க. ‘காட்லோப்’னு பேரு, ‘காட்டா’ன்னா தெரு, ‘லோப்’னா ஓட்டம். 17-ம் நூற்றாண்டுல இங்கிலீஷ்காரங்க காதுல அது விழுந்து, வாய்ல கொஞ்சம் கொஞ்சமா மாறி, கடைசில தெரிஞ்ச வார்த்தையான கையுறையோட கலந்துடுச்சு. ஆக ஓட்டத்துக்கு ஒரு ஓட்டம்.

‘ரன்னிங் நோஸ்’ சரியா, ‘ரன்னி நோஸ்’ சரியா?
(கோவை)

வெளிநாட்டுல ‘ரன்னி’, நம்ம ஊர்ல ‘ரன்னிங்’. டாக்டருக்கு ரெண்டும் புரியும். ஆனா ‘ஐ ஹேவ் த ரன்ஸ்’னு மட்டும் சச்சின் நெனப்புல பெருமையா சொல்லிடாதீங்க, அது வயித்தால போகுதுன்னு அர்த்தம்.

என் பையன் ‘ஹேஸ் ரேன்’னு எழுதினான், மிஸ் அடிச்சிட்டாங்க, சினிமா சப்டைட்டில்ல பாத்தேன்னு சண்டை போடறான். எது சரி?
(வேலூர்)

மிஸ் சரி. நேத்து ஓடினான்னா ‘ரேன்’, ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ முன்னாடி வந்துட்டா திரும்ப ‘ரன்’. ‘கம்’ – ‘கேம்’ – ‘கம்’ இருக்கே, அதே ஜாடை. பேச்சுல வெள்ளைக்காரங்களே ‘ஹேஸ் ரேன்’னு சொல்றவங்க உண்டு, உங்க பையன் சப்டைட்டில்ல பாத்திருக்கவும் கூடும். பேப்பர் திருத்துறது சப்டைட்டில் எழுதினவர் இல்லியே, மார்க்கு வேணும்னா மிஸ் சொல்ற மாதிரி எழுத சொல்லுங்க.